திருச்சி வெயிலில் சூடாகாத வண்டி

திருச்சியில் ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போய், கார் இன்ஜின் சூடாக மாட்டேன் என்கிறது என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள். அக்னி நட்சத்திர நாளில் சொன்னால் இன்னும் நன்றாகச் சிரிப்பார்கள். நான் சொன்னபோது சிரித்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அந்தச் சிரிப்பெல்லாம் அடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் கோபம் மட்டும் அடங்கவில்லை. எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிப் பக்கம் வீடு. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு நைட்டியும் உள்பாவாடையும் தைத்து, சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டியிருக்கும் மூன்று கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். வாரத்தில் இரண்டு நாள் சரக்கு போக வேண்டும். ரொம்ப வருஷம் மூட்டையோடு பஸ்ஸில்தான் போனேன். மூட்டையைப் பார்த்ததுமே கண்டக்டர் குரல் உயரும். "ஏம்மா, இத வச்சா ஆளுங்க எங்க நிக்கிறது? ஆட்டோ புடிச்சுப் போக வேண்டியதுதானே!" பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். யாராவது சத்தமாகப் பேசினால் எனக்குப் பேச்சு வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மூட்டையைத் தூக்குவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அத்தனை பேர் பார்ப்பதைத்தான் தாங்க முடியாது.

வீட்டுக்காரர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஒரு சின்ன பெட்ரோல் காரைப் பழைய வண்டியாக வாங்கினார். நான்கு கல்யாணத்துக்குப் போனதோடு அவருக்கு அந்த ஆசை தீர்ந்துவிட்டது. வண்டி உறை போட்டுத் தெருவில் நின்றது. அதைப் பார்த்துப் பார்த்து, நாற்பத்தைந்து வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். காவிரிப் பாலத்தைத் தனியாகத் தாண்ட எனக்கு இரண்டு மாதம் ஆனது. தாண்டிய அன்று பின் சீட்டில் நான்கு மூட்டை இருந்தது. என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்று வருஷம் அந்த வண்டி எனக்கு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. அப்புறம் ஒரு கோடையில் வீட்டுக்காரர் புதுக்கோட்டைக்கு ஒரு காரியமாக எடுத்துக்கொண்டு போனார். வழியில் தண்ணீர்க் குழாய் விரிசல் விட்டு, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து, கட்டி இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அவருக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் மாம்பழச் சாலைக்கு அந்தப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு நாளில் சரிசெய்து கொடுத்தார். "இனிமே இந்த வண்டி ஹீட்டே ஆகாது சார், எழுதித் தரேன்" என்று வேறு சொன்னாராம். வீட்டுக்காரர் அதைப் பெருமையாக வந்து சொன்னார்.

நிஜமாகவே அதன் பிறகு வண்டி ஹீட் ஆகவில்லை. ஆக வேண்டிய அளவுக்குக்கூட ஆகவில்லை.

என் வண்டியில் நீலமாக ஒரு விளக்கு உண்டு. தண்ணீரில் பாதி முங்கிய தெர்மாமீட்டர் போல ஒரு படம். இன்ஜின் இன்னும் குளிர்ந்து கிடக்கிறது என்பதற்கு அது அடையாளம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எரியும், இன்ஜின் பதமான சூட்டுக்கு வந்ததும் அணைந்துவிடும். முன்பெல்லாம் நான் மாம்பழச் சாலை போவதற்குள் அணைந்துவிடும். அந்த ரிப்பேருக்குப் பிறகு பாலம் தாண்டியும் எரிந்தது. சிந்தாமணி தாண்டியும் எரிந்தது. சத்திரம் நெரிசலில் பத்து நிமிடம் நின்றால்தான் அணைந்தது.

"ஏங்க, அந்த நீல லைட்டு அணைய மாட்டேங்குதுங்க" என்றேன்.

"செவப்பு எரிஞ்சா சொல்லு. நீலம்னா கூலா இருக்குன்னு அர்த்தம். நல்லதுதானே?" என்றார்.

அவர் மட்டும் இல்லை, எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வெயிலில் வதங்குகிற ஊர்க்காரர்களுக்குக் குளிர்ச்சி என்றால் எல்லாமே நல்லதுதான். இன்ஜினுக்கு ஒரு சூடு வேண்டும், அந்தச் சூடு வராவிட்டால் அது பெட்ரோலை அள்ளிக் குடிக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். எனக்கும் அப்போது அது தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. காலையில் இன்ஜின் சத்தம் குறையாமல் உறுமிக்கொண்டே இருந்தது. வண்டிக்குப் பின்னால் போனால் பெட்ரோல் வாடை அடித்தது. சைலன்சர் வாயில் விரல் வைத்தால் மை மாதிரி கரி ஒட்டிக்கொண்டது. வாரம் முழுக்க வந்த பெட்ரோல் நான்கு நாளிலேயே தீர்ந்தது.

பெட்ரோல் சீக்கிரம் தீர்ந்தது மட்டும் வீட்டுக்காரர் கண்ணில் பட்டது. அதற்கு அவர் கண்டுபிடித்த காரணம் நான்.

"செகண்ட் கியர்லயே உருட்டிட்டுப் போனா வண்டி என்ன செய்யும்?" என்றார். முதலில் வீட்டுக்குள் சொன்னார். பிறகு அவர் தம்பியிடம் போனில் சொன்னார். பிறகு ஒரு நிச்சயதார்த்தத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, நான் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார். "எங்க வீட்டு டிரைவரம்மா பெட்ரோல் பங்க்குக்குன்னே பொறந்தவங்க." எல்லாரும் சிரித்தார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் கார் ஓட்டுகிறவள்தான். அவளும் சிரித்தாள்.

அடுத்த கோடையில் ஒருநாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு நானே அந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பெட்ரோல் அதிகம் பிடிக்கிறது, நீல விளக்கு அணையவில்லை என்று சொன்னேன். அவர் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார். மூடினார். பிறகு என்னோடு பேசவில்லை. நான் ஒரு கை தூரத்தில் நிற்கிறேன், அவர் போனை எடுத்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"சார், வண்டி பக்காவா இருக்கு சார். மேடம் ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டுறாங்கபோல. லேடீஸ் இல்லையா, பயத்துல கிளட்ச்லேர்ந்து கால எடுக்க மாட்டாங்க."

"அதத்தானே நானும் தலையால அடிச்சுக்கறேன்" என்றது போன்.

"அப்புறம் இங்கேர்ந்து சத்திரம் வரைக்கும் தானே சார் ஓடுது? அந்தத் தூரத்துல இன்ஜின் எங்கேர்ந்து சூடாகும்?"

இரண்டு ஆண்களும் என் காலைப் பற்றி, என் பயத்தைப் பற்றி, நான் நின்றுகொண்டிருக்கும்போதே பேசி முடித்தார்கள். அவர் என்னோடு வண்டியில் ஒரு தெரு வந்து பார்க்கவில்லை. நான் எப்படி ஓட்டுகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதை அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த "சரிங்க"வை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அந்த மாதமே வீட்டுக்காரர் முடிவு சொல்லிவிட்டார். வண்டியை விற்றுவிடலாம். மருங்காபுரியில் அலுவலக நண்பருக்குத் தெரிந்த ஒருவருக்கு இந்த மாதிரி ஒரு வண்டி வேண்டுமாம், இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கழித்து வந்து பார்ப்பாராம்.

"அப்ப என் சரக்கு?" என்றேன்.

"இதுக்கு முன்னாடி எப்படிப் போச்சு? பஸ்லதானே?" என்றார். அத்தனை வருஷம் பஸ்ஸில் எனக்கு எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியாது, நானும் சொன்னதில்லை. சொன்னாலும் ஒரு பஸ்ஸுக்கா இவ்வளவு என்றுதான் கேட்பார்.

விற்பதற்கு முன்னால் வையம்பட்டியில் இருக்கும் அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமென்று ஒரு புதன்கிழமை தனியாகக் கிளம்பினேன். அதுவரை அவ்வளவு தூரம் நான் ஓட்டியதில்லை. வழக்கம்போல சத்திரம் நெரிசலில் நீல விளக்கு அணைந்தது. கருமண்டபம் தாண்டி, திண்டுக்கல் சாலையில் ஏறி, ஐந்தாவது கியர் போட்டு நன்றாக விட்டேன். கொஞ்ச நேரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது.

ஓரமாக நிறுத்தலாமா என்று பயம். தொடர்ந்து போனேன். டோல்கேட் வரிசையில் நின்றபோது அணைந்தது. வரிசையைத் தாண்டி வேகம் பிடித்ததும் மறுபடி எரிந்தது. வெளியே அனல் அடிக்கிறது, சாலை கானல் நீராக மினுங்குகிறது, என் இன்ஜினுக்கு மட்டும் குளிர்கிறது!

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. தூரம் போதாமல் சூடாகவில்லை என்றார் அந்த ஆள். ஐம்பது கிலோமீட்டர் வந்தாயிற்று. ஹாஃப் கிளட்ச் என்றார். இந்தச் சாலையில் என் கால் கிளட்ச் பக்கமே போகவில்லை. நின்றால் சூடாகிறது, ஓடினால் ஆறிப்போகிறது. அப்படியென்றால் காற்றுதான் ஆற்றுகிறது. காற்று முன்னால் ரேடியேட்டரில்தான் படும். அப்படியென்றால் இன்ஜின் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. போக வேண்டிய நேரம் வரும் முன்னாலேயே போகிறது.

அக்கா வீட்டில் சாப்பிட்ட கையோடு, வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆங்கிலம். எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். புரியாத வார்த்தையைப் போனில் போட்டுத் தமிழில் பார்த்தேன். இன்ஜின் சூடான பிறகும் நீல விளக்கு எரிந்தால் வண்டியைப் பரிசோதிக்க வேண்டும் என்று அச்சடித்துப் போட்டிருந்தது. இத்தனை வருஷமாக அது டாஷ்போர்டுப் பெட்டிக்குள்தான் இருந்தது. பிறகு போனிலேயே தமிழில் ஒருவர் பேசுகிற வீடியோ கிடைத்தது. இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் சூடாகும் வரை அது வழியை மூடியிருக்கும், சூடானதும் தானே திறக்கும். அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் சூடாகாது. மேல் குழாயைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும் என்றார்.

அக்கா சொன்னாள், "ஏண்டி, வந்ததும் வராததுமா போனையே பாத்துக்கிட்டு இருக்க, ஏதாவது சீரியலா?"

"ஆமாக்கா" என்றேன்.

சாயங்காலமே வீடு திரும்பிவிட்டேன். மறுநாள் காலை, இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தேன். ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயில் கை வைத்தேன், விசிறிப் பக்கம் போகாமல். வால்வு சரியாக இருந்தால் அந்தக் குழாய் சில நிமிடம் ஆறியே இருக்க வேண்டும், பிறகு சட்டென்று சுட வேண்டும். என் குழாய் ஒரு நிமிடத்திலேயே வெதுவெதுப்பானது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. தடுக்க அங்கே எதுவும் இல்லை. எதிர் வீட்டுக்காரர் வாசலில் பேப்பரோடு நின்று, "என்னங்கம்மா, வண்டிக்கு ஜுரமா?" என்றார். ஜுரம் வந்தால் தேவலையே என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே பாலக்கரைப் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். வண்டிப் பெயரையும் வருஷத்தையும் தெர்மோஸ்டாட் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய், சீட்டை மட்டும் நீட்டினேன். கடைக்காரர் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கழட்டச் சொல்லி அனுப்பினாங்களா, மாட்டச் சொல்லி அனுப்பினாங்களா?"

"மாட்டத்தாங்க."

"அதிசயமா இருக்கு. இந்த ஊருல இதக் கழட்டிப் போடுறவங்கதான் ஜாஸ்தி. வாங்க வரவங்களே இல்ல. தூசி தட்டித்தான் தரணும்" என்றார். அப்படியே தட்டித்தான் கொடுத்தார்.

அவர் சொன்னது எனக்கு உறைத்தது. என் வால்வு திறந்தபடி மாட்டிக்கொள்ளவில்லை. அது அங்கே இருக்கவே இல்லை.

அதே மெக்கானிக்கிடம்தான் போனேன். வேறு ஒருவரிடம் போயிருக்கலாம். ஆனால் அந்த ஆள் கையாலேயே திறக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். வால்வுப் பெட்டியை அவர் மேஜை மேல் வைத்தேன்.

"என் வண்டில இது இருக்கா, இல்லையாங்க?"

அவர் பெட்டியைப் பார்த்தார். சிரித்தார். "மேடம் மெக்கானிக் படிக்கிறீங்களா?"

"இருக்கா, இல்லையா?"

"இல்ல மேடம். அன்னைக்கு ஹீட்டாகி வந்துச்சுல்ல, அப்பவே கழட்டிப் போட்டுட்டேன். எங்கிட்ட வர எல்லா வண்டிலயும் கழட்டிருவேன். இதெல்லாம் பனி கொட்டுற ஊருக்கு மேடம். நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு?"

"அப்ப அன்னைக்கு ஏன் ஹாஃப் கிளட்ச்னு சொன்னீங்க?"

அவர் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த ஸ்பேனர்.

"கழட்டுறத சார்கிட்ட சொல்லிட்டுத்தான் மேடம் கழட்டினேன். சார்தான் சரின்னாரு."

பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன். "மாட்டுங்க" என்றேன். மாட்டினார். "அப்புறம் ஹீட்டாச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது" என்று மூன்று தடவை சொல்லிக்கொண்டே மாட்டினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கடைசி போல்ட்டு வரை பார்த்தேன். திரும்பி வரும்போது பெரிய கோபுரம் கண்ணுக்குத் தெரிவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. அடுத்த நாளும்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஆமா, ஏதோ வால்வுன்னு சொன்னான். உள்ளங்கை அளவு சாமான். அதுக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்?"

"அது இல்லாமத்தாங்க பெட்ரோல் குடிச்சுது. நான் ஓட்டினதால இல்ல."

"சரி, சரி. இப்ப நல்லா ஆயிடுச்சுல்ல?" என்று பேப்பரைப் புரட்டினார். பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே அது தோன்றவில்லை. என்னைக் குறை சொல்ல ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை, வால்வை நினைத்துப் பார்க்க ஒரு வருஷம் போதவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, வண்டி நன்றாகிவிட்டது, இனி விற்கமாட்டார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மருங்காபுரிக்காரர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, நிதானமான மனிதர், கடலையும் சோளமும் போடுகிற விவசாயி. வண்டியைச் சுற்றிப் பார்த்தார். வீட்டுக்காரர் உற்சாகமாக ஆரம்பித்தார்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. சத்தமே இருக்காது. மூணு நாலு வருஷமா எங்க வீட்டம்மா மட்டும்தான் ஓட்டுறாங்க. லேடீஸ் ஓட்டுன வண்டிங்க, ஒரு கீறல் கிடையாது. பூ மாதிரி ஓட்டுவாங்க. கிளட்ச்செல்லாம் புதுசு மாதிரி இருக்கும்."

நான் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். தட்டைப் படியில் வைத்தேன். வைத்தது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் பேசியது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"அண்ணே, போன வாரம் வரைக்கும் எனக்கு ஓட்டத் தெரியலன்னுதான் இந்த வண்டிய விக்கிறதா இருந்தாரு. இப்ப நான் நல்லா ஓட்டுவேன்னு சொல்லி விக்கிறாரு. நீங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, மன்னிச்சுக்கோங்க. வண்டி விக்கிறதுக்கு இல்லைங்க. திங்களும் வியாழனும் எனக்கு வேணும்."

வீட்டுக்காரர், "ஏய், உள்ள போ" என்றார்.

நான் போகவில்லை.

மருங்காபுரிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். படியிலிருந்த காப்பியைத் தானே எடுத்துக்கொண்டார். "நான் வண்டி பாக்கத்தாங்க வந்தேன், பஞ்சாயத்துக்கு வரல" என்றார். ஒரு மடக்குக் குடித்துவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்து, "ஓட்டுறவங்க குடுக்க மாட்டேங்கறாங்கன்னா வண்டி நல்ல வண்டின்னுதான் அர்த்தம் சார். எனக்கு வேற பாத்துக்கறேன்" என்றார். காப்பியை முழுக்கக் குடித்துவிட்டு, டம்ளரைத் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, "வரேம்மா" என்று என்னிடம்தான் சொல்லிக்கொண்டு போனார்.

"வெளி ஆள் முன்னாடி மானத்த வாங்கிட்ட" என்றார் வீட்டுக்காரர். அந்த நிச்சயதார்த்தப் பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் வெளி ஆட்கள் இல்லையா என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் அன்றைய பேச்சு அத்தனையும் தீர்ந்து போயிருந்தது.

மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான் திங்கட்கிழமை மூட்டையை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தப்பு உன் மேல் இல்லை என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. அந்த மெக்கானிக்கும் சொல்லவில்லை. அவர் பட்டறையில் இப்போதும் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, அவரும் வால்வுகளைக் கழற்றிப் போட்டுக்கொண்டுதான் இருப்பார். அந்த வண்டிகளை ஓட்டுகிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் திட்டு வாங்குகிறார்களோ.

வண்டிச் சாவி முன்பு கூடத்தில் ஆணியில் தொங்கும். இப்போது என் தையல் மிஷின் டிராயரில், பாபின்களோடு கிடக்கிறது. வீட்டுக்காரருக்கு வண்டி தேவைப்பட்டால் என்னைக் கேட்டுத்தான் எடுக்கிறார். ஒவ்வொரு முறையும் எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.